ஒற்றைச் செயினா, இரட்டைச் செயினா?

கே: மோரிஸ் மைனர் 1000 வைத்திருக்கிறேன். எஞ்சினின் முன்பக்கம் கடகடவென்று சத்தம். டைமிங் செயின் நீண்டுவிட்டது, இரட்டைச் செயின் போட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை என்கிறார் மெக்கானிக். போடலாமா?

ப: யாருடைய ஆயுசு என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். செயின்தான் காரணம் என்றால் அதை மாற்றத்தான் வேண்டும். ஆனால் உங்கள் வண்டிக்கு இரட்டை வரிசை வேண்டாம், நல்ல ஒற்றையே போதும் என்பது என் கட்சி. 'செயின் நீண்டுவிட்டது' என்று பட்டறையில் சொல்கிறோமே, அதில் எந்தத் தகடும் இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு பின், அதைச் சுற்றி ஒரு புஷ். இரண்டும் உரசி உரசித் தேய, இணைப்புக்கு ஒரு துளி இடைவெளி விழுகிறது. அந்தத் துளிகள் சேர்ந்ததுதான் நீளம். மைனரின் ஏ சீரிஸ் எஞ்சினில் கிராங்க்கையும் கேம் ஷாஃப்டையும் இணைக்கும் செயினில் 3/8 அங்குல இணைப்புகள் ஐம்பதுக்குச் சற்று மேல். மொத்தம் ஏறத்தாழ அரை மீட்டர். இணைப்புக்கு 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தாலே முழுச் செயினும் அரை சென்டிமீட்டர் கூடிவிடும். கேம் பல்சக்கரத்துக்கு 40 பல், இழுக்கும் பக்கத்தில் பத்து இணைப்பு என்று வைத்துக் கணக்குப் போட்டால், கேம் ஷாஃப்ட், கிராங்க்கின் டிகிரிக் கணக்கில், ஏறக்குறைய 2 டிகிரி பின்தங்கும். டிஸ்ட்ரிபியூட்டரும் கேம் ஷாஃப்டிலிருந்தே சுழல்வதால் தீப்பொறியும் கூடவே பிந்தும். டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருகி அதை மறைத்துவிடலாம். பல மெக்கானிக்குகள் மறைத்தும் விடுகிறார்கள். ஆனால் தளர்ந்த பக்கம் அலைந்து கவரில் அடிப்பதை எந்தத் திருகலும் மறைக்காது. உங்கள் காதில் விழும் கடகடப்பு அதுவாக இருக்கலாம். டைனமோ பேரிங்கும் வாட்டர் பம்பும் அதே ராகத்தில் பாடும் என்பதால், ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் செயின் நிரபராதி.

கே: செயின் இரட்டையானால் சுமை இரண்டாகப் பிரியும், தேய்மானம் பாதியாகும். இந்தச் சின்னக் கணக்கை எப்படி மறுப்பீர்கள்?

ப: மறுக்கவில்லை. ஆனால் 'எஃகு ஒரே தரமாக இருந்தால்' என்ற நிபந்தனையை நீங்கள் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். 1880-ல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் புஷ் ரோலர் செயினைக் கண்டுபிடித்தபோது அவர் வரிசையைக் கூட்டவில்லை. பின்னின் மேல் ஒரு புஷ்ஷைப் போட்டு, சுமை ஒரு மெல்லிய விளிம்பில் விழாமல் பின்னின் அகலம் முழுக்கப் பரவும்படி செய்தார். செயினின் ஆயுள் அன்றிலிருந்து இன்றுவரை அந்த மேற்பரப்பின் கடினத்திலும், அங்கே போய்ச் சேரும் எண்ணெயின் சுத்தத்திலும்தான் இருக்கிறது. நோஞ்சான் மாடு இரண்டைப் பூட்டினால் வண்டி வேகமாகப் போய்விடாது. மென்மையான பின் போட்ட மலிவு இரட்டைச் செயினும் அப்படித்தான்.

அடுத்தது, அந்தச் சுமை எவ்வளவு? 1962-க்குப் பிந்திய 1098 சிசி மைனர் கொடுப்பது 48 குதிரைத் திறன், அதுவும் 5100 சுற்றில். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகும் வண்டி அந்தச் சுற்றை எட்டினால் ஓட்டுநர் மேல் சந்தேகப்பட வேண்டும். அதே ஏ சீரிஸ் எஞ்சினைப் பந்தயத்துக்காக முறுக்கேற்றி, 1963-ல் மினி கூப்பர் எஸ் ஆக்கியபோது இரட்டைச் செயின் போட்டார்கள். கடினமான வால்வு ஸ்பிரிங், அதிகச் சுற்று என்று அங்கே காரணம் இருந்தது. உங்கள் எஞ்சினிலும் அப்படிக் கடின ஸ்பிரிங் போட்டிருந்தால், இரட்டை வாங்குங்கள். வாயைத் திறக்க மாட்டேன்.

ஒரு விஷயத்தைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. பழைய மைனரின் கேம் பல்சக்கரத்தில் இரு பக்கமும் ரப்பர் வளையங்கள் உண்டு. செயினை ஏந்தி அலையாமல் வைத்திருப்பது அவைதான். இந்த எஞ்சினுக்கு விற்கும் வழக்கமான இரட்டைச் செட்டில் அந்த வளையமும் கிடையாது, டென்ஷனரும் கிடையாது. தேய்மானம் மெதுவாக வரும் என்பது சரி. வந்த பிறகு அதை அடக்க ஆளில்லை. அகலமான பல்சக்கரம் இடிக்காமலிருக்க, முன்தகட்டின் இரண்டு போல்ட்டுகளை எடுத்துவிட்டுத் தலை உள்ளே பதியும் ஸ்க்ரூ போடவும் வேண்டும். அதைச் செய்யாமல் மாட்டி, முதல் ஸ்டார்ட்டிலேயே உலோகம் உலோகத்தை உரசும் சத்தம் கேட்டு முழிப்பவர்கள் உண்டு.

கே: ஒற்றைச் செயின் போட்டு பென்ஸ் கம்பெனியே பட்ட பாடு தெரியாதா?

ப: தெரியும். உங்கள் தரப்புக்கு இதைவிட வலுவான சாட்சி இல்லை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற 380 எஸ்எல் காரின் வி8 எஞ்சினுக்கு ஒற்றை வரிசைச் செயின் போட்டார்கள். அது தளர்ந்து, பல் தாண்டி, வால்வும் பிஸ்டனும் மோதி, எஞ்சின் பாழானது. 1984 மாடலில் இரட்டைக்கு மாறினார்கள். பழைய வண்டிக்காரர்கள் பலரும் இரட்டைக்கு மாற்றிக்கொண்டார்கள். அந்தக் கார் வைத்திருப்பவருக்கு நானும் 'இன்றே மாற்றுங்கள்' என்றுதான் சொல்வேன்.

ஆனால் அந்தச் செயின் ஓடும் பாதையைப் பாருங்கள். கிராங்க்கிலிருந்து கிளம்பி, இரண்டு சிலிண்டர் தலைகளுக்கும் ஏறி, இரண்டு கேம் ஷாஃப்டுகளைச் சுற்றி இறங்குகிறது. வழியெல்லாம் வழிகாட்டிப் பட்டைகள். மைனரில் கேம் ஷாஃப்ட் பிளாக்கிலேயே, கிராங்க்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வால்வுக்கு ஏறிப்போகும் வேலை புஷ் ராடுடையது. நீளமும் திருப்பமும் குறைந்த இடத்துக்கு, அவை கூடிய இடத்தின் மருந்தைக் கொடுப்பது வைத்தியம் ஆகாது. எதிர்த் திசையில் போனவர்களும் உண்டு: எம்ஜிபி காரின் 1798 சிசி எஞ்சின் இரட்டைச் செயினோடு பிறந்தது, 1970களில் அதன் பிந்திய வடிவங்கள் ஒற்றைக்கு மாறின. காசு மிச்சம் பிடித்தார்கள் என்பீர்கள். பிடித்திருக்கலாம். ஆனாலும் அந்த வண்டிகள் இன்றும் ஓடுகின்றன.

கே: கொழும்பு பஞ்சிகாவத்தையிலும் சென்னை ஜி.பி. ரோட்டிலும் ஒரே செயினுக்கு மூன்று விலை சொல்கிறார்கள். எதை நம்புவது?

ப: விலையை நம்பாதீர்கள், பெட்டியையும் நம்பாதீர்கள், பெட்டி அச்சடிப்பது செயின் செய்வதைவிடச் சுலபம். செயின் தகட்டில் தயாரிப்பாளர் பெயர் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். பழையதையும் புதியதையும் பக்கவாட்டில் படுக்கை மட்டமாகப் பிடித்து, எது அதிகம் தொய்கிறது என்று ஒப்பிடுங்கள். தேய்ந்த செயின் வில்லாக வளையும். புதியதே அப்படி வளைந்தால் கடைக்காரருக்கு வணக்கம் சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். ரோலரை நகத்தால் தள்ளிப் பாருங்கள். ரோலர் செயின் என்று விற்றால் அது சுழல வேண்டும். 'டபுள் ரோலர்' என்று பெயர் வைத்து, சுழலாத வெறும் புஷ்ஷை விற்பதும் நடக்கிறது. புஷ் செயின் தன்னளவில் மட்டமானதல்ல. ரோலர் இல்லாத இடத்தில் பின்னைத் தடியாக வைக்கலாம் என்பதால் நன்றாகவே உழைக்கும். அதை ரோலர் என்று சொல்லிக் காசு வாங்குவதுதான் குற்றம்.

செயினை மட்டும் வாங்கி வராதீர்கள். தேய்ந்த பல்லில் ஏறிய புதுச் செயின் சீக்கிரமே பழையதாகிவிடும். இரண்டு பல்சக்கரம், ரப்பர் வளையம், கவரின் ஆயில் சீல் எல்லாம் ஒரே நாளில் மாற வேண்டியவை. கடுகு போன இடம் ஆராய்ந்து பூசணிக்காய் போன இடம் தெரியாத கதையாக, செயினுக்குப் பேரம் பேசி மிச்சம் பிடித்த காசை, சீல் கசிந்து மறுபடி கவரைக் கழற்றும் கூலியாகக் கொடுப்பவர்களே அதிகம். கிராங்க் பல்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய ஷிம்களையும் கவனியுங்கள்: புதுச் சக்கரங்கள் இரண்டும் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்து, அதற்கேற்ப ஷிம் போட வேண்டும். கோணலாக ஓடும் செயினுக்குத் தரம் எதுவும் உதவாது.

கே: எதற்கு இந்த வம்பு? பெல்ட் கிட் போட்டுவிட்டால்?

ப: மினிக்காரர்கள் சிலர் போடுகிறார்கள், பந்தயத்தில் அதற்கு நியாயமும் இருக்கிறது. வீதியில் ஓட்டும் மைனருக்கு அது அநாவசியச் செலவு. பற்சக்கரத்தோடு பற்சக்கரம் நேராகக் கடிக்கும் கியர் செட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். சத்தத்தைக் குறைக்கத்தானே கடிதம் போட்டீர்கள்?

கே: என்னுடையது அம்பாசடர். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

ப: அம்பாசடரின் 1489 சிசி எஞ்சின் பி சீரிஸ், எம்ஜிபி எஞ்சினும் அதே குடும்பம்தான். மைனரின் செட் அதற்குப் பொருந்தாது. கவரைத் திறந்து, உள்ளே எத்தனை வரிசை இருக்கிறது என்று பார்த்துவிட்டு அதையே வாங்குங்கள். வரிசையை மாற்றினால் பல்சக்கரங்களில் தொடங்கி டென்ஷனர் வரைக்கும் மாற்ற நேரும்.

கே: புதுச் செயின் எத்தனை வருஷம் வரும்?

ப: வருஷக் கணக்கு சொல்பவரை நம்பாதீர்கள். ஆயிலை நேரத்துக்கு மாற்றுங்கள். சர்வீஸின்போது டைமிங் லைட்டைப் புல்லி மேல் பிடித்து, குறி ஓரிடத்தில் நிற்கிறதா, தாளம் தப்பி முன்னும் பின்னும் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் டிஸ்ட்ரிபியூட்டரைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். அதில் குறையில்லை என்றால் கவரைக் கழற்றுங்கள்.