ஆர்எக்ஸ் 100 நிறுவையியல்: நூற்பாவும் உரையும்

யானைக்கு நூல் செய்தோம், குதிரைக்கு நூல் செய்தோம், பல்லி எந்தத் தோளில் விழுந்தால் என்ன பலன் என்பதற்கும் நூல் வைத்திருக்கிறோம். காலையில் கிக்கரை உதைத்து உதைத்து முழங்கால் தேய்ந்தவனுக்கு மட்டும் தமிழில் ஒரு நூற்பா இல்லை. இக்குறை நீக்கும் பொருட்டு ஆரணியிலிருந்து இந்நூல் தொடங்கப்படுகிறது. நூற்பாவும் யானே செய்தது, உரையும் யானே எழுதியது. மறுப்புரை மட்டும் மச்சினனுடையது.

ஆய்வெல்லை வருமாறு: வடக்கே திமிரி வழியாக ஆற்காடு, மேற்கே கண்ணமங்கலம், தெற்கே போளூர், கிழக்கே செய்யாறு. போளூருக்கு அப்பாலுள்ள ஜவ்வாது மலை எல்லைக்கு வெளியே. அங்கே போய்வந்த கதை உரியவிடத்தில் கூறப்படும்.

ஆய்வுப்பொருள், யமகா ஆர்எக்ஸ் 100. 1985 கடைசியில் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் கைவழியே இந்தியாவுக்கு வந்து, 1996இல் உற்பத்தி நின்றது. 98 சிசி, டூ ஸ்ட்ரோக், நான்கு கியர், 11 குதிரைத்திறன், எடை ஏறத்தாழ 100 கிலோ. இது வருவதற்கு ஓராண்டு முன்னரே ஓசூரில் சுசுகி 100 வந்துவிட்டது. அதே 1985இல் ஹீரோ ஹோண்டாவின் சிடி 100 வந்தது. மூன்றும் 100 சிசி என்றாலும் ஓர் இனம் அல்ல. ஹோண்டா ஃபோர் ஸ்ட்ரோக். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் அதில் ஒருமுறை வெடிக்கும். ஆர்எக்ஸில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடி. ஆகவே ஹோண்டா பெட்ரோலைச் சேமித்தது, ஆர்எக்ஸ் தெருவை எழுப்பியது. கல்யாணத்துக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் முதல் வண்டியைப் பார்த்து மனம் நிறைந்தார்கள். இரண்டாம் வண்டியைப் பார்த்துப் பக்கத்து வீட்டில் விசாரித்தார்கள்.

இனி முதல் நூற்பா:

ஏறினார் எடையும் எதிர்த்தகாற் றளவும்
கூறாது விடாஅக் குணமுடைத் தென்ப
நூறினுள் அடங்கிய சிறுபொறி வண்டி.

என்பது, சிறு எஞ்சின் வண்டியின் இலக்கணம் கூறுதல் நுதலிற்று. இதனால் சொல்லியது யாதோ எனின், இவ்வண்டி வண்டி அல்ல, தராசு என்பதாம். பெரிய எஞ்சின் பலவற்றை மறைக்கும். எதிர்காற்றை மறைக்கும், மேட்டை மறைக்கும், பின்சக்கரத்தில் காற்று குறைந்ததை மறைக்கும். 98 சிசி எதையும் மறைப்பதில்லை. காலையில் நாம் சாப்பிட்டது இரண்டு இட்லியா ஆறு இட்லியா என்பது கமண்டல நாகநதிப் பாலத்தின் ஏற்றத்தில் தெரிந்துவிடும்.

இக்கருத்து ஆரணியில் தோன்றியதற்குக் காரணமுண்டு. இது நிறுத்துக் கொடுத்து நிறுத்து வாங்கும் ஊர். பட்டு நூலும் ஜரிகையும் முதலாளியிடமிருந்து கிராம் கணக்கில் நிறுத்துத்தான் தறிக்காரர் கைக்கு வரும். நெய்து முடித்த சேலையும் அதே தராசில் ஏறும். வித்தியாசம் வந்தால் கழிவு எங்கே என்ற கேள்வி வரும். கச்சாப்பட்டைச் சோப்புத் தண்ணீரில் வேகவைத்துப் பசை நீக்கும்போதே ஏறத்தாழ கால் பங்கு எடை போய்விடும் என்பதால், இங்கே சிறுபிள்ளைக்கும் எடை இழப்பைப் பற்றி ஓர் அபிப்பிராயம் உண்டு. அந்த அபிப்பிராயத்தை வண்டிக்கும் பொருத்திப் பார்ப்பதே இவ்வாய்வின் புதுமை.

கணக்கு இதோ. வண்டி 100 கிலோ, ஓட்டுநர் 70. 11 குதிரைகளும் 170 கிலோவை இழுக்கின்றன. மச்சினன் 80 கிலோ. அவன் ஏறியதும் மொத்தம் 250. கிலோவுக்குக் கிடைக்கும் திறன் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோகிறது. அதே மச்சினனை இன்றைய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350இல் ஏற்றினால் 265 கிலோ 345 ஆகும். குறைவு கால் பங்குக்கும் கீழே. மேலும் அவ்வண்டியின் முறுக்குவிசை 27 நியூட்டன் மீட்டர், அதுவும் 4000 சுற்றிலேயே கிடைப்பது. ஆர்எக்ஸுக்கு 10 சொச்சம், அதற்கும் 6500 சுற்றுவரை முறுக்க வேண்டும். ஆக, மச்சினன் ஏறும்போது பெரிய வண்டி இழப்பது பசை நீங்கிய பட்டின் இழப்புக்குக் கீழே. சிறு வண்டி இழப்பது அதற்கு மேலே. இவ்வொப்புமையை எனக்கு முன் யாரும் கண்டிலர். காண வேண்டிய அவசியமும் இருந்ததில்லை என்பது மச்சினன் மறுப்பு.

குதிரைத்திறன் என்றதும் ஒரு செய்தி. 1782இல் ஐதர் அலியின் தளவாடக் கிடங்கு ஆரணியில் இருந்தது. அதைக் குறிவைத்துச் சர் அயர் கூட் படையோடு வந்தார், சண்டை நடந்தது. அன்று இங்கே நின்ற குதிரைகளில் பதினொன்றைப் பிடித்துக் கட்டினாலும் ஆர்எக்ஸ் ஆகாது. ஏனெனில் குதிரை நின்ற இடத்திலிருந்தே இழுக்கும். ஆர்எக்ஸின் பதினொரு குதிரைகளும் 7500 சுற்று வரும்வரை லாயத்தில் படுத்திருக்கும். வந்ததும் ஒரேயடியாகக் கட்டறுத்துக்கொண்டு ஓடும். இவ்வண்டியின் இன்பம் முழுதும் அந்த ஒரு கணத்தில்தான் இருக்கிறது. இரண்டாம் கியரில் முறுக்கிக்கொண்டே போகும்போது, அதுவரை முனகிக்கொண்டிருந்த எஞ்சின் திடீரெனக் குரல் மாறிக் கத்தும். கைப்பிடி லேசாகும். வேகமானி 50ஐத்தான் காட்டும், உடம்பு 100 என்று சொல்லும். தராசு பொய் சொல்லும் ஒரே இடம் இது. ஓட்டுநர்க்குச் சாதகமான பொய் ஆதலின் குற்றம் அன்று.

இரண்டாம் நூற்பா:

மூன்றுதை உதைத்தும் முழங்கா தாயின்
சோக்கிட் டுதைக்க, சோக்கிற்கும் அடங்காது
நிற்பின் சாய்க்க, சாய்த்தபின் தள்ளல்
கற்றோர் கடனே காலைப் பொழுதே.

இது புறப்பாடு கூறுகின்றது. ‘சாய்க்க’ என்றதில் கருத்து வேறுபாடு உண்டு. சாய்த்தல் ஸ்கூட்டருக்கு உரிய சடங்கு, பைக்குக்கு ஆகாது என்பர் ஒரு சாரார். அற்றன்று. பெட்ரோல் டாங்க் சட்டத்தின்மேல் இரு கால் போட்டு உட்கார்ந்திருப்பது, குழாய் இடப்பக்கம். ரிசர்வும் தீர்ந்தபின் வலப்பக்கப் பள்ளத்தில் கொஞ்சம் பெட்ரோல் தேங்கி நிற்கும். வண்டியை இடப்புறம் நன்றாகச் சாய்த்தால் அது இக்கரைக்கு வரும். அடுத்த பங்க் வரை அது போதும். இதை அறியாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் நூல் செய்யாத முன்னோர்மீது கோபம் வருகிறது.

சாய்த்தும் எழாவிடின் குற்றம் பிளக்கில். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு எண்ணெயும் எரிவதால் பிளக்கின் முனையில் கரி பிடிக்கும். எமரித் தாளால் தேய்க்க வேண்டும். ஆர்எக்ஸ் வைத்திருப்பவன் சட்டைப்பையில் பேனா இல்லாமல் இருக்கலாம், பிளக் ஸ்பேனர் இல்லாமல் இருக்கலாகாது.

‘தள்ளல்’ என்றதற்கு ஆரணியில் தனி வழக்கொன்று உண்டு. வேறெந்த ஊர் ஆய்வாளருக்கும் இது கிட்டாது. விடியற்காலையில் நெசவுத் தெருவில் பாவு நீட்டியிருப்பார்கள். தெரு நெடுக இழுத்துக் கட்டிய பட்டு இழைகள். வெயில் ஏறுவதற்குள் கஞ்சி போட்டு, இழை பிரித்து, அறுந்ததை முடிந்து எடுத்தாக வேண்டும். அந்நேரத்தில் டூ ஸ்ட்ரோக் வண்டியை அங்கே கிளப்பினால் சைலென்சரிலிருந்து புகையோடு எண்ணெய்த் துளியும் வரும். ஒரு துளி பட்டாலும் அது ஒரு சேலையின் கறை. “யோவ், பாவு கீதுல்ல, ஆஃப் பண்ணு!” என்று நாலு வீட்டிலிருந்து ஒரே குரல் கிளம்பும். அப்பொழுது 11 குதிரைகளையும் கையால் தள்ளிக்கொண்டு தெருமுனை வரை நடப்பதே முறை. மற்ற ஊர்களில் இவ்வண்டியின் எல்லை மேட்டில் இருக்கிறது. எங்களூரில் அது வீட்டு வாசலிலேயே தொடங்குகிறது.

சேலை மூட்டை எங்கே வைப்பது என்பதும் இதிலிருந்து பெறப்படும். பின்னால் கட்டக்கூடாது, முன்னால் டாங்கின்மேல் வைத்து முழங்கைக்கு நடுவே அணைத்துக்கொள்ள வேண்டும். 2008இல் புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு, ஆர்எக்ஸில் போகும்போது வீட்டுக் குழந்தைக்குரிய இடத்தில் போகிறது. குழந்தை அப்போது எங்கே உட்காரும் என்று கேட்பவர்களுக்கு, டிவிஎஸ் எக்ஸ்எல் இருக்கிறது என்பது விடை.

எக்ஸ்எல்லைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் ஊரில் இருக்க முடியாது. 1980இல் ஓசூரில் டிவிஎஸ் 50 ஆகப் பிறந்த மொபெட் வழியில் வந்தது அது. ஆரணிச் சந்தில் அரிசி மூட்டை, பாவுக் கட்டு, மாமியார், தண்ணீர்க் குடம் ஆகிய நான்கையும் ஒருசேரக் கொண்டுபோவது. ஆயினும் அதை நிறுவையியலில் சேர்க்க முடியவில்லை. கியர் கிடையாது, கோபமும் கிடையாது. எவ்வளவு ஏற்றினாலும் ஏற்றுக்கொண்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முறையிடாத வண்டி எடையை அறிவிக்காது. முறையிடாமையில் ஹோண்டாவின் சூப்பர் கப்பும் இவ்வகையே. 1958 முதல் விற்கும் அது 2017இல் 10 கோடி எண்ணிக்கையைத் தாண்டியதற்கு அந்தப் பொறுமையே காரணமாகலாம்.

புல்லட்டால் பேர்பெற்ற என்ஃபீல்டே ஒருகாலத்தில் சிறு எஞ்சினுக்கு இறங்கி வந்தது என்பதைப் புல்லட்காரர்களுக்கு அவ்வப்போது நினைவூட்டுவது ஆய்வாளன் கடமை. 1980களில் செர்மனியின் சுண்டாப் நிறுவனத்தோடு சேர்ந்து சில்வர் பிளஸ், எக்ஸ்ப்ளோரர் என்ற 50 சிசி வண்டிகளை ராணிப்பேட்டையில் தனித் தொழிற்சாலை வைத்துச் செய்தார்கள். ஆற்காடு தாண்டிப் பாலாற்றைக் கடந்தால் ராணிப்பேட்டை. அவ்வண்டிகள் நிலைக்கவில்லை. புல்லட்டின் தம்பி என்று வாங்கியவர்கள் தம்பியிடம் அண்ணன் குரலை எதிர்பார்த்ததே காரணம் என்பது என் துணிபு, ஆதாரம் கேட்கலாகாது.

மூன்றாம் நூற்பா ஒரே அடியுடையது:

ஆடிக் காற்றில் அரைகியர் குறையும்.

ஆடி வெள்ளியில் படவேடு ரேணுகாம்பாளைப் பார்க்கப் போகிறவர்கள் இதன் உண்மையை அறிவர். சந்தவாசல் பக்கம் மேல்காற்று மார்பில் அறையும்போது நாலாம் கியர் சும்மா பெயருக்குத்தான். மூன்றில் போட்டால் கத்தும், நாலில் போட்டால் இழுக்காது. இரண்டுக்கும் நடுவே இல்லாத ஒரு கியருக்காகக் கால் தேடும். இல்லாத அந்தக் கியரே ‘அரைகியர்’ எனப்பட்டது. கிளாசிக்காரர் இந்தக் காற்றில் பக்கத்தில் வந்து பேச்சுக் கொடுப்பார். காற்றடிக்கிறதா என்றே கேட்பார்.

பிற எல்லைகளை விரைந்து கூறுவாம். 15 ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025இல் 20 விழுக்காட்டை எட்டிவிட்டது. பழைய ரப்பர்க் குழாய்களுக்கும் வாஷர்களுக்கும் அது ஒத்துவருவதில்லை. உதிரி பாகத்தில் அசலையும் நகலையும் பிரித்தறிய மெக்கானிக் முகர்ந்து பார்க்கிறார். நல்ல நிலையில் உள்ள வண்டிக்குப் புது வண்டியின் விலைக்கு மேலும் கேட்கிறார்கள், கொடுக்கிறார்கள். நாற்பது வயதுத் தராசுக்கு இந்த விலையா என்றால், ஆம், படிக்கல்லோடு சேர்த்து. படிக்கல்லாவது வாங்குகிறவனே.

எஞ்சியது ஜவ்வாது மலை. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் பாதையில், மச்சினனோடு, நிறுவையியல் முழுமையாக மெய்ப்பிக்கப்பட்டது. ஒவ்வொரு வளைவிலும் வண்டி ஒரு கியர் இறக்கிக் கேட்டது. முதல் கியரில் அது போட்ட சத்தத்துக்கு எதிரே வந்த பஸ்ஸே ஒதுங்கி நின்றது. ஓரிடத்தில் மச்சினன் இறங்கி நடந்தான். “மாமா, நான் நடந்தே வரேன், நீங்க மேல போய் டீ சொல்லுங்க” என்றான். நான் போய்ச் சேர்ந்தபோது டீ வந்திருக்கவில்லை, அவன் வந்திருந்தான்.

சிக்கல் இறக்கத்தில்தான். இறங்கும்போது மச்சினனின் எடை எஞ்சினுக்குத் தெரிவதில்லை. அது முழுதும் டிரம் பிரேக்கின் தலையில் விழுகிறது. அதுவோ பேசத் தெரியாதது, சூடேறி நாற மட்டும் தெரிந்தது. டூ ஸ்ட்ரோக்கில் கியரைப் பிடித்து வேகம் தணிப்பதும் சொற்பமே. ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டு நெடுந்தூரம் இறங்கினால் எஞ்சினுக்குள் போகும் எண்ணெயும் குறைந்துவிடும். பிஸ்டன் காய்ந்து பிடித்துக்கொள்ள இடமுண்டு. புறப்படும்போதே மெக்கானிக் எச்சரித்திருந்தார்: “எறங்கறப்ப அப்பப்ப ஒரு தரம் முறுக்கி வுடுண்ணே, எண்ணெ போவணும்.”

ஆகவே வேகம் குறைக்க வேண்டிய இடத்தில் வேகம் கூட்டும் கையசைவைச் செய்ய வேண்டியிருக்கிறது. கிளச்சைப் பிடித்து ஒரு முறுக்கு, விட்டுப் பிரேக், மறுபடி ஒரு முறுக்கு. ஒவ்வொரு முறுக்குக்கும் பின்னாலிருந்து என் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “மாமா, எறக்கத்துல எதுக்கு மாமா முறுக்கறீங்க?” என்று மச்சினன் கேட்டான். விடை சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிட்டமையால், இவ்வினாவுக்கு நூற்பா இன்னும் செய்யப்படவில்லை.