இரட்டை ஆம்ப் அண்ணன்

மெல்லிசைக் குழு, தேவாலய இசைக்குழு, கல்லூரி பேண்ட் எங்கு போனாலும் இவர் ஒருவர் இருப்பார். தோளில் கிட்டார் தொங்கும். ஆனால் கவனமெல்லாம் கையில் தூக்கிவரும் ஹீலிக்ஸ் புராசஸர் மேல்தான். லைன் 6 நிறுவனம் 2015இல் கொண்டுவந்த, ஆம்ப்ளிஃபையர்களின் ஒலியை நகலெடுக்கும் கருவி. "சவுண்ட் நல்லாயிருக்குண்ணே" என்று தெரியாத்தனமாகப் பாராட்டினால், "எந்த சவுண்டு? ஏ-யா, பி-யா?" என்று மடக்குவார்.

ஒரே ஆம்பில் வாசிப்பது சோம்பேறிகளின் வேலை என்பது அவர் கட்சி. சிக்னல் உள்ளே நுழைந்ததும் ஸ்ப்ளிட் போட்டு இரண்டாகப் பிரிப்பார். மேலே ஏ பாதையில் வாக்ஸ் ஏசி30 மாடல், கீழே பி பாதையில் மார்ஷல் பிளெக்ஸி. கடைசியில் மிக்சர் பிளாக்கில் இரண்டையும் சேர்ப்பார். "ஏசி30 பளபளப்பு குடுக்கும், மார்ஷல் சதை குடுக்கும்." முன்னது இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டிலும் பின்னது லண்டன் ஹான்வெல்லிலும் பிறந்த கதையை மூச்சு விடாமல் சொல்வார். இரண்டின் அசலையும் தொட்டதில்லை. 30 கிலோவுக்கு மேல் கனக்கும் ஏசி30ஐ மாடிப்படி ஏற்றியவர்கள் இவ்வளவு ஆசையாகப் பேச மாட்டார்கள்.

சேர்ப்பது சுலபமில்லை, பத்துப் பொருத்தமும் பார்ப்பார். ஒரு பாதை 1 மில்லி செகண்ட் பிந்தினால் போதும், 500 ஹெர்ட்ஸில் குழி விழும். அப்புறம் 1500, 2500 என்று வரிசையாக. சில ஆம்புகள் சிக்னலைத் தலைகீழாகத் திருப்பியே வெளியே அனுப்பும். இரண்டு ஆம்பும் தனித்தனியே கர்ஜிக்கும், சேர்த்தால் கொசு ரீங்காரம். "ஃபேஸ் தட்டுது" என்று முகம் வாடி, மிக்சரில் பி பாதையின் போலாரிட்டியைத் திருப்புவார். பாஸ் திரும்ப வரும். அதற்குள் ஒத்திகை நேரம் முடிந்து, அறைக்கு வாடகை கொடுத்த அடுத்த குழு கதவைத் தட்டும்.

அவர் கண்டுபிடித்த 'பிரம்மாண்ட'த்தின் ரகசியம் கீபோர்டு தம்பிக்குத் தெரியும். ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு சிக்னல்கள் கூடினால் சத்தம் 6 டெசிபல் வரை ஏறும். சத்தம் ஏறினால் எதுவும் காதுக்கு இனிக்கும். ஒரு நாள் அளவைச் சமமாக்கி, ஒற்றை ஆம்பையும் இரட்டை ஆம்பையும் மாற்றி மாற்றிப் போட்டான். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டு, "இதுதான் டூயல்!" என்று ஆணித்தரமாகச் சொன்னது ஒற்றை ஆம்பை. உண்மை தெரிந்ததும், "உன் ஹெட்ஃபோன் சரியில்ல தம்பி" என்றார்.

பிறகு ஒரு கல்யாண வரவேற்பு. ஏசி30ஐ முழுக்க இடப்பக்கமும் மார்ஷலை முழுக்க வலப்பக்கமும் ஒதுக்கி, கடலளவு ஸ்டீரியோவோடு வந்திருந்தார். சவுண்ட் மிக்சர் முன் உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சார், ஒரு லைன்தான் மிச்சம். லெஃப்ட்டை மட்டும் குடுங்க."

"ஐயோ, ரைட்லதாங்க மார்ஷல் இருக்கு!"

"அது அங்கயே இருக்கட்டும் சார். பொண்ணு மாப்பிள்ளை மேடைக்கு வந்தாச்சு."

இளையராஜா பாடல் தொடங்கியது. பந்தியில் இரண்டாவது அப்பளத்துக்குக் கை நீட்டியவர்களில் ஒருவரும் மார்ஷலைக் காணோமே என்று தேடவில்லை. முடிந்ததும் டிரம்மர் ஓடிவந்து, "அண்ணே, இன்னிக்குத்தான் கிட்டார் தெளிவாக் கேட்டுச்சு!" என்றான்.

அண்ணன் வெகுநேரம் யோசித்தார். திருந்திவிட்டார் என்றே எல்லாரும் நம்பினோம்.

"லெஃப்ட்ல ஒரு ஆம்ப் இருந்ததுக்கே இவ்ளோ தெளிவுன்னா," என்றார், "லெஃப்ட்லயே ரெண்டு வெச்சா? ஹீலிக்ஸ்ல இன்னொரு தனிப் பாதை, பாத் டூ, முழுசா காலியாத்தான்டா கெடக்கு!"