மனிதத் தவறுதான், சந்தேகமென்ன?

2002 மே 3 அன்று ஜலந்தரில் ஒரு வங்கிக் கட்டடத்தின் மேல் மிக்-21 போர் விமானம் வந்து விழுந்தது. எஞ்சின் வானத்திலேயே கைவிட்டுவிட்டது. விமானி குதித்துத் தப்பினார். கீழே 8 பேர் செத்தார்கள். பணம் போடவும் எடுக்கவும் போகிற இடத்தில் போர் விமானத்தால் சாவு வரும் என்று எந்த ஜோசியன் சொல்லியிருப்பான்?

மிக்-21-க்கு எஞ்சின் ஒன்றே ஒன்று. இறக்கையோ சின்ன முக்கோணம், மிதந்து இறங்க உதவாது. எஞ்சின் நின்றால் அது விமானமில்லை, அம்மிக்கல். ஓடுதளம் எட்டுமா, ஊரைத் தாண்டுமா, குதித்துவிடலாமா என்று முடிவெடுக்க உள்ளே இருக்கும் பையனுக்குச் சில நொடிதான் அவகாசம்.

டெல்லிக்கு அந்த அவசரமெல்லாம் கிடையாது. இப்படிப்பட்ட வேக விமானங்களில் ஏற்றுவதற்கு முன் இளம் விமானிகளைப் பழக்க நல்ல பயிற்சி ஜெட் வேண்டும் என்று 1980-களின் தொடக்கத்திலேயே ஒரு குழு சொல்லிவிட்டது. ஹாக் என்ற அந்தப் பயிற்சி ஜெட்டுக்கு ஒப்பந்தம் போட்டது 2004-ல். இருபது வருஷத்துக்கு மேல் மேசை மேசையாகப் பறந்த அந்தக் கோப்புக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

வாங்கிய 872 மிக் விமானங்களில் 482 விபத்தில் போய்விட்டன, 171 விமானிகளும் 39 பொதுமக்களும் இறந்தார்கள் என்று 2012-ல் நாடாளுமன்றத்தில் சொன்னார் பாதுகாப்பு அமைச்சர் அந்தோணி. காரணம், மனிதத் தவறும் தொழில்நுட்பக் கோளாறும். எதிரி 482 விமானத்தைச் சுட்டிருந்தால் ஆட்சியே கவிழ்ந்திருக்கும். நாமே விழவைத்ததால் ஒரு பதிலோடு போயிற்று. மனிதத் தவறு என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்த மனிதர்கள் விமானத்தில் இல்லை, பணி ஓய்வு பெற்று பென்ஷன் வாங்கிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார்கள்.

2003-ல் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ், மிக்-21 பத்திரமானது என்று காட்ட அம்பாலாவில் தானே ஏறிப் பறந்துவிட்டு வந்தார். துணிச்சல்காரர்தான். ஆனால் அமைச்சர் ஏறப்போகும் விமானத்தின் எஞ்சினை அன்றைக்கு எத்தனை பேர் எத்தனை தடவை தட்டிப் பார்த்திருப்பார்கள்! அந்தக் கவனிப்பு தினசரி பயிற்சிக்குக் கிளம்பும் பையனுக்கும் கிடைத்திருந்தால் அமைச்சர் ஏறியே இருக்க வேண்டாம்.

1963-ல் வந்த மிக்-21 ரகத்துக்கு 2025 செப்டம்பரில்தான் சண்டிகரில் தண்ணீர் பீய்ச்சி, பேச்சு பேசி விடை கொடுத்தார்கள். 15 வருஷமான அரசு ஜீப்பைக் காயலான் கடைக்கு அனுப்ப விதி போட்ட அதே நாடு!

மாற்றாக வரவேண்டிய உள்நாட்டுப் போர் விமானமான தேஜஸுக்கு அனுமதி 1983-ல், முதல் படைப்பிரிவு 2016-ல். அதற்கென்று 1989-ல் பெங்களூருவில் தொடங்கிய காவேரி எஞ்சின் வந்து சேரவில்லை. அங்கிருந்து காவேரி வராதது நமக்குப் புதிதா என்ன? 2021-ல் 83 தேஜஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். உடல் தயாரானாலும், அமெரிக்க எஞ்சின் வந்து சேராமல் விமானங்கள் கூடத்திலேயே காத்துக்கிடந்தன. எஞ்சினே இல்லாத விமானத்தில் எஞ்சின் கோளாறு வர வாய்ப்பில்லை. நாற்பது வருஷத்தில் இவர்கள் கண்ட ஒரே பாதுகாப்பு ஏற்பாடு அதுதான்.