நீல ராஸ்பெர்ரியும் மனித மூக்கும்: ஓர் ஆய்வு

ஆய்வுக்களம் இங்கிலாந்தின் வேப் (இ-சிகரெட்) கடைகள். ஆய்வுப்பொருள், அதில் ஊற்றும் வாசனைத் திரவமான இ-லிக்விட்டில் புதிதாக வந்ததை ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, கடைக்காரர் முகத்தைப் பார்த்து ஏதாவது சொல்லியாக வேண்டிய வாடிக்கையாளரின் பாடு. இத்துறையில் முன்னோடி ஆய்வுகள் இல்லாதது இவ்வாய்வாளருக்குப் பெரிய வசதி.

நம் முன்னோர் சுவையை ஆறோடு நிறுத்திக்கொண்டார்கள். 2003-இல் சீன மருந்தாளர் ஹான் லிக் இ-சிகரெட்டை உருவாக்கியபோது, சிகரெட்டை விட முடியாதவர்களுக்கு ஒரு மாற்று என்பதே பேச்சு. கலிபோர்னியா ஆய்வாளர்கள் 2014 ஜனவரி நிலவரப்படி எண்ணியபோது, இணையத்தில் விற்பனைக்கு இருந்த சுவைகள் 7,764. முன்னோர் அவசரப்பட்டுவிட்டார்கள் என்பது முதல் முடிவு.

இனி ஆய்வுமுறை. கவுன்டரில் மாதிரிக் கருவிகள் நிற்கும். புது பிளாஸ்டிக் முனையை மாட்டி, இழுத்து, ஒரு கணம் நிறுத்தி, மூக்கு வழியாக விட வேண்டும். பார்ப்பவருக்கு வாடிவாசலில் நிற்கும் காளை நினைவுக்கு வரலாம். அறிவியலுக்கு அது பொருட்டல்ல. நாக்குக்கு இனிப்பு, புளிப்பு தெரியுமே தவிர, மாம்பழமா அன்னாசியா என்று தீர்ப்புச் சொல்வது மூக்குதான். திரவத்தில் கிளிசரின் கூடினால் ஆவி மேகம் பெருகும்; புரோப்பிலீன் கிளைக்கால் கூடினால் மணம் தூக்கும், தொண்டையில் உறைக்கும். மேகம் வேண்டுமா, மணம் வேண்டுமா என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. இவ்வாய்வாளர் நடுநிலை.

இங்கேதான் சிக்கல். திரவத்தை உறிஞ்சித் தருவது கருவியின் சூடேற்றும் கம்பிச்சுருளுக்குள் இருக்கும் பஞ்சு. அந்தப் பஞ்சுக்கு மறதி கிடையாது. முன்னால் வந்தவர் மெந்தால் இழுத்துப் போயிருந்தால், பின்னால் வருபவரின் வனிலா கஸ்டர்டும் மெந்தால்தான். அதை அவர் "நுட்பமான குளிர்ச்சி" என்று பாராட்டிவிட்டு இரண்டு பாட்டில் வாங்கிப் போவார். தொடர்ந்து இழுத்தால் எதுவுமே தெரியாமலும் போகும். இந்த நோய்க்கு 'வேப்பர்ஸ் டங்' என்று பெயர். பழி நாக்குக்கு, சோர்ந்தது மூக்கு. தண்ணீர் குடி, காப்பிக்கொட்டையை முகர்ந்து பார் என்பது கைவைத்தியம்.

ஆய்வின் உயிர்நாடி நீல ராஸ்பெர்ரி. அப்படியொரு பழம் எந்தச் செடியிலும் காய்ப்பதில்லை. அமெரிக்க ஐஸ் வியாபாரத்தில் செர்ரியும் ஸ்ட்ராபெர்ரியும் சிவப்பைப் பிடித்துக்கொண்டதால் ராஸ்பெர்ரிக்கு நீலம் வந்து சேர்ந்தது. ஆனாலும் "அசல் நீல ராஸ்பெர்ரி அப்படியே இருக்கு" என்று சான்று வழங்குவோர் ஏராளம். 'யூனிகார்ன் மில்க்' என்றொரு சரக்கும் புகழ்பெற்றது. ஸ்ட்ராபெர்ரியும் கிரீமும் கலந்த வாசனை. கறந்தவர் யார், தண்ணீர் கலந்தாரா என்று கேட்டவர் இல்லை. ஆக, சோதிக்கப்படுவது திரவம் அல்ல, லேபிள். லேபிளை மறைத்துக் கொடுத்தால் முக்கால்வாசி நிபுணர்கள் "ஏதோ பழம்" என்பதற்கு மேல் போகமாட்டார்கள் என்பது இவ்வாய்வாளரின் கருதுகோள். நிரூபிக்கும் எண்ணம் இல்லை.

விளையாட்டில்லாத ஒரு குறிப்பும் உண்டு. வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டில், தின்றால் தொந்தரவில்லை. ஆனால் 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசூரியில், பாப்கார்ன் ஆலையில் அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களின் நுரையீரல் கெட்டது தெரியவந்தது. பிரிட்டன் 2016-இல் அதை இ-லிக்விட்டிலிருந்து விலக்கியது. நிக்கோட்டின் சேர்ந்தால் பாட்டில் 10 மில்லிக்கு மேல் கூடாது, மில்லிக்கு 20 மில்லிகிராம் வரைதான் என்பதும் அங்குள்ள விதி. கஸ்டர்டை வாயில் போடலாம் என்பதற்காக நெஞ்சுக்குள் இழுக்கலாம் என்று ஆகாது.

இம்முடிவுகளை இந்தியாவில் சரிபார்க்க விரும்பும் ஆய்வு மாணவர்கள் கவனிக்க: 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இ-சிகரெட்டைத் தயாரிக்கவோ, இறக்குமதி செய்யவோ, விற்கவோ, விளம்பரம் செய்யவோ இங்கே தடை. முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நீல ராஸ்பெர்ரிக்கு விலக்கு இல்லை.