விரல் மட்டும் பாப்பிரெட்டிப்பட்டியில்

சாத்தனூரில் மாடு மேய்த்த மூலன் இறந்துகிடக்க, அவன் உடலுக்குள் புகுந்து திருமூலர் ஆனாராம் ஒரு சிவயோகி. அவருக்கு மூலனின் கைவிரல்களும் சேர்ந்தே கிடைத்தன. பாப்பிரெட்டிப்பட்டித் திண்ணையில் உட்கார்ந்து பெங்களூரு ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் தினமும் கூடு பாய்கிற எனக்கு அந்த வசதி இல்லை. உயிர் ஓசூரைத் தாண்டிவிடும், விரல் திண்ணையிலேயே.

2020-இல் கொரோனா ஊருக்கு அனுப்பிவைத்தபோது ஆரம்பித்த வித்தை இது. ரிமோட் டெஸ்க்டாப் சின்னச் சன்னலாகத் திறந்திருந்தால் ஆல்ட் டேப் உள்ளூரில் வேலை செய்யும். முழுத்திரையாக இருந்தால் பெங்களூரில். இந்தச் சூட்சுமம் பிடிபடும் முன்பே, மேனேஜருக்கு அடித்த "இன்று மாலைக்குள் அனுப்பிவிடுகிறேன்" பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் போய் விழுந்தது. "எவ்வளவு?" என்று உடனே கேட்டார் சித்தப்பா. சின்னச் சன்னலில் ஆல்ட் டேபுக்குப் பதில் ஆல்ட் பேஜ்அப் அடித்தால் அங்கே மாறும் என்பதை அப்புறம்தான் கற்றேன். சித்தப்பா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கன்ட்ரோல் ஆல்ட் டெலிட் இன்னும் பிடிவாதம். 1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி.க்காக டேவிட் பிராட்லி ஏற்படுத்தியது. முதலில் டெலிட்டுக்குப் பதில் எஸ்கேப்தான் வைத்தாராம். இடது கை ஒன்றே தவறுதலாக அமுக்கிவிடும் என்று தள்ளிவைத்தார். பிறகு விண்டோஸ் என்.டி. அதைக் காவல் தெய்வமாக்கியது: அந்த மூன்றையும் எந்தச் செயலியும் வழிமறிக்க முடியாது, நேராக விண்டோஸிடம்தான் போகும். போலித் திரை காட்டிப் பாஸ்வேர்டு திருடுவதைத் தடுக்கத்தான். நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கே பூட்டிய திரையைத் திறக்க நான் அடிக்க, இங்கே என் லேப்டாப் "என்ன வேண்டும்?" என்று எழுந்து நிற்கும். எல்லைச்சாமி ஊர் எல்லையைத் தாண்டுமா? பெங்களூருக்குப் போக டெலிட்டை விட்டு எண்டை அமுக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம்.

இனி ஒரு வெள்ளிக்கிழமைக் கதைக்கு வருகிறேன். அம்மா மூன்றாவது தடவை கூப்பிட்டார்: "களி ஆறுதுடா. பெங்களூரு எங்கயும் ஓடிடாது." அவசரமாக ஆல்ட் எஃப்4-ஆக அடித்து எல்லாவற்றையும் மூடினேன். கடைசியில் என்ன செய்யட்டும் என்று ஒரு பெட்டி கேட்டது. என் லேப்டாப்தான் கேட்கிறது என்று ஷட் டவுனைத் தேர்ந்து எண்டர் தட்டினேன். முழுத்திரையில் இருந்தேன். லேப்டாப் அணையவில்லை. பெங்களூரு அணைந்தது.

அணைந்த கம்ப்யூட்டருக்குள் எந்த யோகியும் புக முடியாது. ஆபீஸ் செக்யூரிட்டி அண்ணனைப் போனில் பிடித்தேன், பாலக்கோட்டுக்காரர்.

"சன்னல் ஓரம், மூணாவது டேபிள்ணே."

"அமுக்கிட்டேன் தம்பி. நீல லைட் எரியுது."

"அது மானிட்டர்ணே. கீழே பொட்டி இருக்கும்."

"பொட்டியிலயும் அமுக்கிட்டேன். எரிஞ்ச லைட்டு அணைஞ்சிருச்சு."

எரிந்துகொண்டிருந்தது எப்படி என்னுடையதாகும்? யோசிப்பதற்குள் இன்னொரு அழைப்பு. திருநெல்வேலியில் இருந்தபடி எனக்குப் பக்கத்து டேபிளில் வேலை பார்ப்பவர்.

"என் சிஸ்டம் திடீர்னு போயிட்டுது. உங்களுக்கும் போச்சா?"

"எனக்கும்தான்" என்றேன். பொய்யில்லையே.