என்னையும் கர்ப்பிணியாகப் பதிவு செய்யுங்கள்

சுகாதார அமைச்சு,
சுவசிரிபாய,
கொழும்பு 10.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

வத்தளையில் குடியிருக்கும் 56 வயதுக் குடும்பஸ்தன் நான். புறக்கோட்டைக் கடையொன்றில் கணக்கெழுதுகிறேன். பிரஷர் உண்டு, சீனி வருத்தம் உண்டு, வயிறும் ஓரளவு உண்டு. மேற்படி வயிற்றையே சான்றாக ஏற்று, என்னைக் கர்ப்பிணித் தாய்மார் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும்படி பணிவாக விண்ணப்பிக்கிறேன்.

காரணம் இதுதான். மகள் முழுகாமல் இருந்தபோது மிட்வைஃப் மிஸ் ஒழுங்கைக்குள் விசாரித்து வீட்டுக்கே வந்தார். நிறை பார்த்தார், பிரஷர் பார்த்தார், அட்டையில் எழுதினார், அடுத்த கிளினிக் திகதியும் சொன்னார். பக்கத்துக் கதிரையில் 160க்கு 100 பிரஷரோடு நான் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அவரில் பிழையில்லை. அவருடைய புத்தகத்தில் எனக்கு இடமில்லை.

வித்தை தெரியாதவர்களல்ல நீங்கள். 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கிய நாடு இது. குறைந்த செலவில் நல்ல சுகம் கண்டவர்கள் என்று 1985இல் ரொக்பெல்லர் மன்றத்தின் அறிக்கை கேரளம், சீனா, கொஸ்தாரிக்காவோடு நம்மையும் சேர்த்துப் புகழ்ந்தது. தாயையும் சேயையும் வீடு தேடிப் போய்ப் பார்த்ததற்கு அந்தப் புகழில் பெரிய பங்குண்டு. அந்தச் சேய் வளர்ந்து, தலை நரைத்து, சீனி வருத்தத்தோடு வந்து நின்றால்தான் அவனுடைய விலாசம் உங்களுக்கு மறந்துபோகிறது.

எங்கள் ஊரை அரசாங்கம் கவனிக்கவேயில்லை என்றும் சொல்லமாட்டேன். ஒல்லாந்தர் 1708இலேயே வத்தளை ஹெந்தளையில் தொழுநோயாளருக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்டினார்கள். சீனி வருத்தத்துக்கு அந்த அவசரம் இன்னும் வரவில்லை.

அரசாங்கத்தின் ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவுக்குப் போகலாமே என்பீர்கள். நான் பஸ்ஸுக்கு ஓடும்போது அது திறந்திருக்காது, இறங்கி வரும்போது மூடியிருக்கும். 2011இல் தொடங்கிய ஆரோக்கிய வாழ்வு நிலையங்களுக்கும் நான்தான் லீவு போட்டுப் போகவேண்டும். பெரியாஸ்பத்திரி இருக்கிறது. ராகமையோ கொழும்போ, கடிதம் கொண்டு வா என்று எவரும் கேட்கமாட்டார்கள். தடிமனுக்கும் நேரே போதனா வைத்தியசாலைக்குப் போகும் சுதந்திரம் நமக்குண்டு. அதனால்தான் தடிமன்காரரெல்லாம் எனக்கு முன்னால் நிற்கிறார்கள்.

மிச்சமிருப்பது, இரவு ஏழு மணிக்கும் லைட் எரியும் டிஸ்பென்சரி. பகலில் உங்களிடம் வேலை செய்யும் டொக்டரே பல இடங்களில் இரவில் அங்கே இருப்பார். சட்டம் அதற்கு இடம் தருகிறது, எனக்கும் அதுதான் வசதி. சின்னக் கடதாசி உறைகளில் மாத்திரை கிடைக்கும். காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதியிருக்கும். மருந்தின் பெயர் இருக்காது. போன மாதம் வேறொரு டொக்டர், "இதுக்கு முதல் என்ன மருந்து எடுத்தீங்க?" என்று கேட்டார். "வெள்ளை" என்றேன். "எத்தனை மில்லிகிராம்?" என்றார். "சின்ன வெள்ளை" என்றேன்.

2018இல் நீங்களே ஒரு கொள்கை வகுத்தீர்கள். அந்தந்தப் பகுதிச் சனத்தை அருகிலுள்ள சிறிய வைத்தியசாலையோடு இணைத்துப் பார்ப்பது, தேவையானால் மட்டும் மேலே அனுப்புவது என்று. அதே ஆண்டு உலக வங்கியும் இந்த ஆரம்பப் பராமரிப்பைப் பலப்படுத்த 200 மில்லியன் டொலர் கடன் தந்தது. கடனில் என் பங்கு எங்கோ பதிவாகியிருக்கும். பெயர்தான் பதிவாகவில்லை.

ஆண்பிள்ளையைக் கர்ப்பிணியாகப் பதிய விதியில் இடமில்லையென்றால், இதையாவது செய்யுங்கள். அந்த ஆரம்பப் பிரிவைக் கிழமையில் இரண்டு நாளாவது இரவு எட்டு மணிவரை திறந்து வையுங்கள். நாற்பது கடந்தவர்களுக்கும் பெயர், விலாசத்தோடு ஒரு புத்தகம் போடுங்கள். மாத்திரை உறையில் மருந்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள், தமிழிலும். 1987 முதல் அதுவும் அரசகரும மொழிதான்.

இப்படிக்கு,
பதிவாகாத வத்தளைவாசி