பாட்டு சோறு போடுமா, சித்தப்பா?

அட்லாண்டா,
ஞாயிறு இரவு.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கு நான் நலம், இடுப்பைத் தவிர. அதற்கான காரணம் கீழே வருகிறது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் "சரி சரி, எவ்வளவு செலவாச்சு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவீர்கள். கடிதம் என்றால் தபால்காரர் கொடுத்த பிறகு படித்துத்தானே ஆக வேண்டும்.

வெள்ளிக்கிழமை நண்பர்கள் நாலு பேராக நாஷ்வில் கிளம்பினோம். டென்னசி மாநிலத்தின் தலைநகரம். காரில் நாலு மணி நேரம். போகும் வழியில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய்விடுவதால், மூன்றே மணி நேரத்தில் வந்துவிட்டதாகக் கோயம்புத்தூர்க்காரன் எழுதிக்கொண்டான். கணக்கு அவன் இலாகா. மதுரைக்காரனுக்குச் சாப்பாடு. திருச்சிக்காரன் எட்டு வருஷம் வயலின் கற்றவன், ஆகவே எதைக் கேட்டாலும் குறை சொல்லும் பொறுப்பு அவனுக்கு.

"மியூசிக் சிட்டி" என்றார்களே, திருவையாறு மாதிரி ஆறு, படித்துறை, காற்று என்று இருக்கும் என நினைத்தேன். ஆறு இருக்கிறது, கம்பர்லேண்ட் என்று பெயர். அதிலிருந்து மேலேறும் பிராட்வே தெருவில் இரண்டு பக்கமும் மதுக்கடை. பல கடைகளில் மாடிக்கு ஒரு கச்சேரி. காலை பத்துப் பதினோரு மணிக்குத் தொடங்கினால் நடுநிசி தாண்டியும் ஓயாது. மார்கழி சபாக்களை எல்லாம் ஒரே தெருவில் கொண்டுவந்து வைத்து, ஜன்னலைத் திறந்து, மைக்கைக் கடைசி வரை திருகிவிட்டால் எப்படி இருக்கும், அப்படி.

தெருவெல்லாம் கல்யாணப் பெண்கள். கல்யாணத்துக்கு முன் தோழிகளோடு ஊர் சுற்றிக் கொண்டாடுவது, நமக்கு மாப்பிள்ளை அழைப்பு மாதிரி இவர்களுக்கு. வெள்ளைத் தொப்பி, வெள்ளை பூட்ஸ் போட்ட தோழிகள் பத்துப் பேர் பெடல் மிதிக்க, நடுவில் பீர் மேஜையோடு ஒரு வண்டி ஊர்ந்து வரும். நாங்கள் எடுத்த வாடகை வீடும் அவர்களுக்காகவே சிங்காரித்தது போலிருக்கிறது. சுவரில் இளஞ்சிவப்பு நியான் விளக்கில் "மணமகளே வருக" என்ற தோரணையில் ஏதோ எரிந்துகொண்டிருந்தது. அணைக்கும் ஸ்விட்ச் கடைசி வரை அகப்படவில்லை. தொப்பை போட்ட நாலு ஆண்கள் இரண்டு இரவு அதன் கீழே படுத்தோம். எனக்குக் கிடைத்தது மடக்கு சோபா. இடுப்பு விஷயம் அதுதான்.

மதுக்கடைக்குள் போகக் காசு கேட்பதில்லை. பாட்டுக்காரர்களுக்கு வரும்படி பெரும்பாலும் டிப்ஸ்தான். நாலு பாட்டுக்கு ஒரு தடவை குழுவில் ஒருவர் பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாக வருவார். கோயம்புத்தூர்க்காரன் இதன் நுட்பத்தைப் பத்து நிமிஷத்தில் பிடித்துவிட்டான். கீழே வாளி கிளம்பினால் மேல்மாடி. மேல்மாடியில் கிளம்பினால் அடுத்த கடை. சனிக்கிழமை சாயங்காலம் வரை ஆறு கச்சேரி, செலவு பூஜ்யம். ஏழாவதில், மாடிப்படி நடுவில், மேலிருந்து ஒரு வாளியும் கீழிருந்து ஒரு வாளியும் வந்து மறித்தன. இருபது டாலர் நோட்டைத் தவிர அவனிடம் சில்லறை இல்லை. அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

திருச்சிக்காரன் வாயடைத்த இடம் ஒன்று உண்டு. ஒரு கடையில் முன்னால் நின்று பாடியவர், முதுகுக்குப் பின்னால் கையை வைத்து ஒரு விரல், நாலு விரல், ஐந்து விரல் என்று காட்டிக்கொண்டே இருந்தார். பக்கவாத்தியம் எல்லாம் அந்தக் கையையே பார்த்து வாசிக்கிறது. விசாரித்தால், இந்த ஊர் ஸ்டுடியோக்காரர்கள் 1950களின் கடைசியில் உண்டாக்கிய எண் முறையாம். ஸ்வரக் கூட்டுக்குப் பெயர் கிடையாது, எண்தான். ஷட்ஜத்தை எங்கே வைத்தாலும் பஞ்சமம் பஞ்சமம்தானே, அதே சங்கதி. பாடுகிறவர் தொண்டைக்கேற்பச் சுருதியை ஏற்றலாம், இறக்கலாம், எழுதி வைத்த தாள் மாறாது. அன்று காலையில்தான் சந்தித்துக்கொண்டவர்கள்கூட ஒத்திகை இல்லாமல் மேடை ஏறுகிறார்கள். "இதை நம்ம ஆள் எப்பவோ கண்டுபிடிச்சாச்சு" என்று முனகினான். ஆனால் வாளி வந்தபோது முதலில் போட்டவன் அவன்தான்.

சாப்பாட்டைப் பற்றி, சித்திக்குத் தெரியாமல். இங்கே காரக் கோழி பிரசித்தம். 1930களில் தார்ன்டன் பிரின்ஸ் என்று ஒருவர். ராத்திரி வீடு திரும்பாத பேர்வழி. கோபம் கொண்ட அவர் வீட்டுப் பெண்மணி, வறுத்த கோழியில் மிளகாயை அள்ளிக் கொட்டிப் பழி வாங்கினாராம். அந்த மனுஷனோ ருசித்துச் சாப்பிட்டு, அதையே கடையாகப் போட்டுவிட்டார். இந்தக் கதை சித்தியின் கைக்குப் போனால் உங்களுக்கு நல்லதல்ல, பார்த்துக்கொள்ளுங்கள். ஊர் சுற்றியதில், ஏதென்ஸ் பார்த்தினான் கோயிலை அதே அளவில் இங்கே கான்கிரீட்டில் கட்டியிருக்கிறார்கள், அதையும் பார்த்தோம். மதுரைக்காரன் பழக்கதோஷத்தில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டான்.

இனி உங்கள் விஷயம். ரைமன் அரங்கம் என்று ஒன்று, 1892இல் படகு முதலாளி ஒருவர் பிரசங்கக் கூடமாகக் கட்டியது. இன்றும் உட்காருவது தேவாலய பெஞ்சுகளில்தான். 1943 முதல் 1974 வரை "கிராண்ட் ஓல் ஓப்ரி" என்ற வானொலிக் கச்சேரி அங்கே நடந்தது. முறை வரும்வரை பாடகர்கள் பின்சந்து வழியாக டூட்ஸீஸ் மதுக்கடைக்குப் போய்வருவார்களாம். நம் சபா கேன்டீன் என்று வைத்துக்கொள்ளுங்கள். புது அரங்குக்கு மாறியபோது பழைய மேடையிலிருந்து ஆறடி வட்டமாக ஓக் பலகையை அறுத்து எடுத்துப்போய்ப் புது மேடையின் நடுவில் பதித்தார்கள். குலதெய்வத்துக்குப் பிடிமண் எடுப்பது போல. 2010இல் வெள்ளம் வந்து மேடை மூழ்கியது. வட்டத்தை மீட்டுச் செப்பனிட்டு மறுபடி பதித்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை இரவு அந்த வட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். ஆளுக்கு இரண்டு மூன்று பாட்டு, அவ்வளவுதான், ஆலாபனைக்கெல்லாம் இடமில்லை. இடையில் அறிவிப்பாளர் மேடையிலேயே நின்று விளம்பரம் வாசிக்கிறார். யார் இதையெல்லாம் ஆரம்பித்தது தெரியுமா? இன்ஷூரன்ஸ் கம்பெனி! வீடு வீடாகப் போய் வாரா வாரம் சில்லறை பிரீமியம் வசூலித்த கம்பெனி. 1925இல் அவர்கள் தொடங்கிய வானொலியின் பெயர் டபிள்யூ.எஸ்.எம். "லட்சக்கணக்கானோரைக் காக்கிறோம்" என்ற கம்பெனி வாசகத்தின் ஆங்கில முதல் எழுத்துகள்தான் அவை. சனிக்கிழமை ராத்திரி பாட்டு கேட்ட வீட்டில், திங்கள்கிழமை கதவைத் தட்டும் ஏஜென்டுக்குத் திண்ணையில் இடம் கிடைக்குமா, கிடைக்காதா?

முப்பத்தொரு வருஷம் எல்.ஐ.சி. ஏஜென்டாக வெயிலில் சைக்கிள் மிதித்தீர்கள். எனக்குப் பன்னிரண்டு வயதில் "பாட்டு சோறு போடுமாடா?" என்று கேட்டு, மிருதங்க வகுப்பிலிருந்து கணக்கு டியூஷனுக்கு மாற்றினீர்கள். உங்கள் தொழில்காரர்களுக்கே அது பல வருஷம் சோறு போட்டிருக்கிறது.

கோபப்படாதீர்கள். ஒரு சின்ன வேலை. பரணில் அந்த மிருதங்கம் இருக்கிறதா என்று பாருங்கள். வலந்தலை கிழிந்திருக்கும். வார் மாற்றி, மூட்டு போட என்ன ஆகும் என்று விசாரித்து எழுதுங்கள். மொத்தமாகக் கேட்காதீர்கள், மாதத் தவணையாகக் கட்டிவிடுகிறேன். ரசீது வேண்டும்.

அன்புள்ள,
உங்கள் அண்ணன் மகன்